வியர்வையை மோந்து சொன்ன நாய்

காலையில் எட்டேகாலுக்கு வீட்டுக் கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுக் கிளம்புவேன். பூட்டிவிட்டுப் போனால், அக்காவுக்கு ஏதாவது ஆகும்போது யாரும் உள்ளே வர முடியாது. பூட்டாமல் போனால், யார் வேண்டுமானாலும் வந்துவிடலாம். ஆம்பூரில் அந்த லைன் வீட்டில் இருந்த ஒன்பது வருஷமும், இந்த இரண்டு பயத்தில் எது சின்னதோ அதைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பத்தொன்பது வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மாத்திரையில் அடங்குகிற வகையில்லை. முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசிதான். அதோடுதான் டீச்சர் டிரெயினிங் முடித்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருஷம் பாடம் எடுத்தாள். பிறகு கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை மங்கியது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிய வரியின் மேலேயே இன்னொரு வரியை எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்த மாதமே வேலையை விட்டாள். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். நான் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட்.

சர்க்கரை ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பயம் அது இறங்குவதில்தான். ஊசி போட்டபின் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால், வழக்கத்தைவிட இரண்டு குடம் தண்ணீர் அதிகமாகத் தூக்கினால், மளமளவென்று இறங்கிவிடும். முன்பெல்லாம் அப்படி இறங்கும்போது அவளுக்குக் கை நடுங்கும், படபடப்பு வரும். தானே ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வாள். வருஷம் போகப் போக அந்த அறிகுறியெல்லாம் அவளுக்கே தெரியாமல் போயிற்று. வியர்வை மட்டும் வரும். அதையும் புழுக்கம் என்று நினைத்துக்கொள்வாள். பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு குழறும், அப்படியே சாய்ந்துவிடுவாள்.

ஆபீசில் டெலிபோன் மணி அடித்தால் என் விரல்கள் டைப்ரைட்டர் மேல் நின்றுவிடும். பியூன் என் மேசைப் பக்கம் திரும்பினாலே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவேன். அவர் கடிதத்தை வைத்துவிட்டுப் போவார். நான் அடித்துக்கொண்டிருந்த வரியில் இரண்டு எழுத்து தப்பியிருக்கும்.

அந்த நாய் எங்களைத் தேடி வந்ததா, பழைய சோற்றைத் தேடி வந்ததா என்று கேட்டால், சோற்றைத் தேடித்தான். செம்மண் நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். பின்வாசல் படியில் நிற்கும், உள்ளே கால் வைக்காது. அக்கா அதைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, அக்கா தரையில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாய் படி தாண்டி உள்ளே வந்தது. அவள் மணிக்கட்டை மோந்து பார்த்தது. முனகியது. மறுபடி மோந்தது. நான் துடைப்பத்தைக் காட்டி விரட்டினேன். பத்து நிமிஷம் கழித்து அக்கா காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். கத்தி கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன்.

அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பாயம்மா ஒரு விஷயம் சொன்னார். அவர் புருஷன் தோல் மண்டியில் இருந்தார். உருதும் தமிழும் கலந்து பேசுவார். "மத்தியானம் உங்க பின்வாசல்ல நாய் ஊளை வுட்டுக்கினே சுத்திச்சும்மா. பேஜாரா இருக்கேன்னு எட்டிப் பாத்தா டீச்சரம்மா செவுத்துல சாஞ்சிக்கினு கீறாங்க. நான்தான் வெல்லம் குடுத்தேன்." மூன்றாவது முறை நானே முதலிலிருந்து பார்த்தேன். இந்த முறை நாயை விரட்டவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு அக்காவை அழைத்துப் போவேன். அங்கே எங்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூச்சத்தோடுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. இருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். சக்கர எறங்கும்போது வியர்வை வாசனை மாறலாம். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியலாம். என்னைக்கு, எத்தன மணிக்குன்னு எழுதி வைங்க" என்றார்.

"எங்க ஊர்ல தோல் நாத்தத்தத் தவிர வேற வாசனையே கெடயாது டாக்டர்" என்றாள் அக்கா.

"அது உங்களுக்கு" என்றார் அவர்.

எழுதி வைத்தேன். இரண்டு மாதத்தில் அக்காவுக்குச் சர்க்கரை ஏழு தடவை இறங்கியது. அதில் ஐந்து தடவை நாய் முன்கூட்டியே வந்து மோந்தது. மற்ற இரண்டு தடவையும் அது வீட்டுப் பக்கமே இல்லை. அந்த இரண்டுதான் என்னை யோசிக்க வைத்தது. நாய் எப்போதும் வீட்டிலேயே இருக்க வேண்டும். மோந்து முனகினால் மட்டும் போதாது, அக்காவை விடாமல் தொந்தரவு செய்ய வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை என்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். இதையெல்லாம் ஒரு தெருநாய்க்கு யார் சொல்லிக்கொடுப்பது? அப்படிச் சொல்லிக்கொடுப்பவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் வெறிநாய் ஊசி போட்டு, நகராட்சியில் பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் கட்டினேன். நாய் பிடிக்கிற வண்டி வருகிற நாட்களில், வில்லை கழன்று விழுந்திருக்குமோ என்று ஆபீசில் உட்கார்ந்து இன்னொரு பயம்.

அடுத்த முறை அக்காவுக்கு இறங்கியபோது, சர்க்கரை கொடுத்து அவள் தெளிந்தபின், வியர்வையில் நனைந்த ரவிக்கையைக் கழற்றித் துண்டுதுண்டாக வெட்டினேன். மூடி இறுகுகிற கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தேன்.

"நல்ல ரவிக்கடி அது" என்றாள் அக்கா.

"உயிரு பெருசா, ரவிக்க பெருசா?"

"தச்சு ரெண்டு மாசம்தான் ஆவுது, அதச் சொன்னேன்."

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து வைப்பேன். ஒன்றின் அடியில் அந்தத் துணி. இன்னொன்றில் அவள் சும்மா வேலை செய்து வியர்த்த துணி. மூன்றாவதில் என்னுடையது. சரியான கொட்டாங்கச்சியில் நாய் கால் வைத்தால் ஒரு துண்டு வேக வைத்த ஈரல். தப்பாக வைத்தால் ஒன்றுமில்லை, திட்டும் இல்லை. முதல் வாரம் மூன்றையும் உருட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. மூன்றாவது வாரம் நேராகப் போய்க் கால் வைத்தது. இடத்தை மாற்றி வைத்தேன். மறுபடியும் அதே துணியில் கால் வைத்தது. ஈரலை இரண்டு துண்டாகக் கொடுத்தேன். சந்தோஷத்தில்தான், ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு கவலை: பாட்டிலில் இருக்கும் துணியின் வாசனை நாளாக நாளாக மாறிப்போகாதா? இது எதைக் கற்றுக்கொள்கிறது, அக்காவின் வியர்வையையா, பழைய துணியின் நாற்றத்தையா?

துணியை அக்காவின் மடியில், பிறகு முந்தானைக்குள் வைத்துப் பழக்கினேன். அவள் முழங்காலில் கால் வைக்க வேண்டும். அவள் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்வரை காலை எடுக்கக்கூடாது. அவள் அசையாமல் இருந்தால், பாயம்மா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த சுவர்ப்பக்கம் போய்க் குரைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்துக்குப் பாயம்மாவின் தயவு வேண்டியிருந்தது. அவர் நாயைத் தொடமாட்டார். நாயின் எச்சில் பட்டால் துணியை ஏழு முறை அலச வேண்டும் என்பார். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். "தொட மாட்டேன்மா. ஆனா அது கத்துனா வந்து பாப்பேன். எலும்பு இருந்தா தூக்கிப் போடறேன். போதுமா?"

அந்த எலும்புதான் தொல்லையாகிவிட்டது. குரைத்தால் எலும்பு வருகிறது என்று நாய் புரிந்துகொண்டது. ஒரே வாரத்தில் மூன்று நாள் பாயம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அக்கா உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். "டீச்சரம்மா நல்லா கீறாங்க. நாய்க்குத்தான் பசி ஜாஸ்தி" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். எலும்பை நிறுத்தச் சொன்னேன். நான் வந்து எல்லாம் சரிபார்த்த பிறகு, நானே ஈரல் கொடுப்பது என்று மாற்றினேன். பொய்க் குரைப்பு குறைந்தது. ஆனால் அந்த மூன்றில் ஒன்றாவது நிஜமாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. வீட்டிலேயே ரத்தத்தைச் சோதிக்கிற வசதி எங்களுக்கு அப்போது கிடையாது. மூத்திரத்தைத்தான் சோதிப்போம். நீல நிற மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏறிக்கொண்டே போகும். எந்த நிறத்துக்கு எத்தனை யூனிட் ஊசி என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு சுவரில் ஒட்டியிருந்தது.

ஒரு வருஷம் நன்றாகவே போனது. நாய் வாசற்படிக்கு உள்ளேயே படுத்துக்கொள்ளும். நான் ஆபீசில் ஒரு பக்கத்தைத் தப்பில்லாமல் அடிக்கத் தொடங்கியிருந்தேன்.

ரம்ஜான் முடிந்த மறுநாள் அது நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா முகத்தில் சிடுசிடுப்பு. கொல்லைக் கொடியில் போர்வைகளும் தலையணை உறைகளும் காய்ந்துகொண்டிருந்தன. "எல்லாத்தையும் நானே தொவச்சிட்டேன். ஒன்னும் முடியாதவன்னு நெனச்சியா என்ன?" என்றாள். நான் விளக்கை ஏற்றிச் சோதனைக் குழாயைக் காய்ச்சினேன். நல்ல ஆரஞ்சு நிறம். சீட்டில் இருந்தபடி வழக்கமான அளவோடு ஆறு யூனிட் கூடுதல். ஊசியைக் கொதிக்க வைத்து மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினால், நாய் அக்காவின் முழங்காலில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறது.

"தள்ளு அத. தொவச்சு முடிச்சதுலேந்து உயிர எடுக்குது" என்றாள் அக்கா.

நான் குழாயைப் பார்த்தேன். ஆரஞ்சு. நாயைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து முனகியது, காலை எடுக்கவில்லை. இந்த நிறத்துக்குச் சர்க்கரை கொடுத்தால் எங்கே போய் நிற்கும்? ஊசி போடாமல் விட்டால் காலைக்குள் வாந்தி, மயக்கம் என்று ஆகும். முன்பு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. நிறம் பொய் சொல்லாது என்று முடிவு செய்தேன். ஊசியோடு குனிந்தபோது நாய் என் கைக்கும் அக்காவுக்கும் நடுவில் புகுந்தது. ஊசி கீழே விழ இருந்தது. நான் துடைப்பத்தை எடுத்து அதன் முதுகில் ஓங்கி அடித்தேன். இரண்டு அடி. கத்திக்கொண்டு வெளியே ஓடியது. கதவைச் சாத்திவிட்டு ஊசியைப் போட்டேன்.

அரிசி களைந்து உலையில் போட்டேன். சுவர்ப்பக்கம் நாய் குரைக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பாயம்மா முன்வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமா, நாய் கத்திக்கினே கீது? டீச்சரம்மா எப்டி கீறாங்க?"

"சக்கர ஏறியிருக்கு பாயம்மா. இப்பதான் ஊசி போட்டேன். அது பொய்யா கத்துது."

"பொய் சொல்றதுல அதுக்கு இன்னாமா லாபம்?" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போது உள்ளே தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அக்கா சரிந்து கிடந்தாள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றியது போல வியர்வை. பல் கிட்டித்துவிட்டது. சர்க்கரையை ஈறில் தேய்த்தேன். அது வாயோரமாக வழிந்தது. பாயம்மா ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். ஊரிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தப் பத்து நிமிஷத்தில், நான் ஏற்றிய மருந்து அவளுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே எடுக்க முடியாத ஒன்றை என் கையாலேயே போட்டிருக்கிறேன். ஜெபம் கூட வாயில் வரவில்லை.

நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிஷங்களில் அக்கா கண்ணைத் திறந்தாள். "சோறு வடிச்சியா?" என்று கேட்டாள். பாயம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வண்டியேறும்போது நாய் அவர் சேலையை வாயால் பிடித்து இழுத்ததை நான் பார்த்திருந்தேன். அதைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வேலூர் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்காவைப் பார்த்தார். "மத்தியானம் இனிப்பு ஏதாவது சாப்டீங்களா?"

அக்கா தலையைக் குனிந்தாள். பாயம்மா வீட்டிலிருந்து பண்டிகைக்காக எனக்கென்று வந்த சேமியாப் பாயசத்தை அரை டம்ளர் குடித்திருக்கிறாள். சர்க்கரை ஏறியது. அதை ஈடுகட்டத்தான் அத்தனை துணியையும் துவைத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் தாறுமாறாக இறங்கிவிட்டது. ஆனால் மத்தியானத்திலிருந்து பாத்ரூம் போகவில்லை. நான் சோதித்தது மத்தியானத்துச் சர்க்கரையை. "நீங்க பாத்தது நாலு மணி நேரத்துக்கு முந்தின சேதிம்மா. நாய் சொன்னது அந்த நிமிஷத்துச் சேதி" என்றார் டாக்டரம்மா. இனிமேல் ஒருமுறை போய்விட்டு, அரைமணி கழித்துத் திரும்பப் போகும்போது எடுத்துத்தான் சோதிக்க வேண்டும் என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் பெரிய பயம். நாய் வீட்டுக்குள் வரவில்லை. சோற்றைக் கொல்லையில் வைத்தால், நான் உள்ளே போன பிறகு வந்து தின்றது. துடைப்பத்தை எடுத்தால் தெருவுக்கே ஓடியது. நான்காவது நாள் அக்காவுக்குக் கொஞ்சம் இறங்கியது, நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தது. நாய் படிக்கு வெளியே நின்று மூக்கை நீட்டி மோந்தது. காலைத் தூக்கியது. என்னைப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே வைத்தது. அதற்குத் தெரிகிறது, சொல்லத்தான் பயப்படுகிறது. ஒரு வருஷப் பாடத்தை இரண்டு அடியில் அழித்துவிட்டேனே என்று அன்றைக்கு அழுதேன்.

"ஏங்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? அதுகிட்ட போய் உக்காரு" என்றாள் அக்கா.

ஆபீசில் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். துடைப்பத்தைப் பாயம்மா வீட்டில் கொடுத்துவிட்டு, பழைய துணியால் வீட்டைத் துடைத்தேன். கொல்லைத் தரையில் உட்கார்ந்து, மூன்று கொட்டாங்கச்சிகளோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் நாள் தூரத்திலேயே படுத்திருந்தது. இரண்டாம் நாள் ஈரலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஐந்தாம் நாள் சரியான கொட்டாங்கச்சியில் கால் வைத்துவிட்டு, அடி விழும் என்பது போல உடம்பைக் குறுக்கிக்கொண்டது. நான் கையை நீட்டவில்லை. அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தளர்த்தி ஈரலைத் தின்றது. பதினோராம் நாள் தானாகப் படியேறி உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நாய் கால் வைத்தால் முதலில் சர்க்கரை, பிறகுதான் சோதனை. தப்பாகவே இருந்தாலும் சரி.

அந்தச் சட்டத்தால் அக்கா எத்தனை தடவை தப்பித்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளுக்கு மேலும் ஆறு வருஷம் கிடைத்தது. கடைசியில் சிறுநீரகம் கெட்டுத்தான் போனாள். அதை மோந்து சொல்ல நாய்க்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, சொல்லியிருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கடைசி வாரம் முழுக்க அது அவள் காலடியில் படுத்திருந்தது. ஒருமுறை கூட முழங்காலில் கால் வைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் டாக்டரம்மா சொல்லி அனுப்பியதாகக் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். லுங்கி நெய்கிறவர், வீட்டிலேயே இரண்டு விசைத்தறி. தாயில்லாத மகளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. அதோடு பன்னிரண்டு வயதில் சர்க்கரையும் வந்திருக்கிறது. "தறி ஓடினா பக்கத்துல பேசறதே கேக்காதும்மா. அது உள்ரூம்ல மயங்கிக் கெடந்தா எனக்கு எப்டித் தெரியும்?" என்றார். அவர் கை விரல்கள் மடியில் நிற்காமல் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. ஆபீசில் என் விரல்களும் இதே பயத்தைத்தான் காட்டியிருக்கும்.

மறுக்க நினைத்தேன். என் நாய் தானாக மோந்தது, நான் அதற்கு வழி மட்டும்தான் காட்டினேன். எல்லா நாயும் அப்படி மோக்குமா? இன்னொரு வீட்டுப் பெண்ணின் உயிருக்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது? ஆனால் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் குடியாத்தம் போனேன். முதலில் பழக்கிய நாய் தறிச் சத்தத்துக்கே மிரண்டு ஓடிவிட்டது. இரண்டாவது நாய், தறிக்கொட்டகையிலேயே பிறந்து வளர்ந்த குட்டி. அதற்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. ஆனால் குரைத்துப் பயனில்லை, யாருக்கும் கேட்காது. அதனால் அப்பாவிடம் ஓடிப்போய் அவர் கட்டியிருக்கும் லுங்கியைப் பிடித்து இழுக்கப் பழக்கினேன். அந்தப் பெண் என்னைவிடப் பொறுமைசாலி. கொட்டாங்கச்சியை அவளே நகர்த்தி வைப்பாள். குட்டி தப்பு செய்தால், "பரவால்ல, இன்னொரு வாட்டி மோந்து பாரு" என்பாள். ஏழு மாதம் ஆயிற்று. பாதி நாள் சரியாகச் சொல்லும், பாதி நாள் சும்மா விளையாடும். நான் ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் திரும்புவேன். பெண்ணிடமும் அப்பாவிடமும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருவேன்: நாயை அடிக்காதீங்க, என்ன ஆனாலும் அடிக்காதீங்க.

ஒரு புதன்கிழமை ஆபீசுக்கு எனக்கு ஒரு கார்டு வந்தது. அந்தப் பெண்ணின் கையெழுத்து. திங்கள்கிழமை மத்தியானம் குட்டி அப்பாவின் லுங்கியைக் கிழியக் கிழிய இழுத்ததாம். அப்பா தறியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, அவள் தண்ணீர்ப் பானையில் சாய்ந்து கிடந்தாளாம். குளுக்கோஸ் கொடுத்து எழுப்பிவிட்டாராம். 'லுங்கி போச்சு. அப்பா சிரிக்கிறார். நீங்க ஞாயிற்றுக்கிழமை வரணும்' என்று எழுதியிருந்தாள்.

கார்டை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனது உடனே அடுத்த நாளுக்குப் போய்விட்டது. தறி ஓடாத நேரத்தில் அப்பா கடைக்குப் போயிருந்தால், குட்டி யாருடைய லுங்கியை இழுக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். போய், எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் புடவை முந்தானையை இழுக்கக் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.